அக்கரைக் கூலியும் அக்கரைக் காணியும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. விழுப்புரமே 1993இல்தான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. ஆகவே இந்த வட்டாரத்து மக்கள் கடல் கடந்து பிழைக்கப் போன வரலாற்றைத் தேடுகிறவருக்குப் பழைய பதிவேடுகளில் தென்னார்க்காடு என்ற பெயரே கிடைக்கும். கள்ளக்குறிச்சி அதன் மேற்கு ஓரத்துத் தாலுகா. அதற்கும் மேற்கே கல்வராயன் மலை. மொரீஷியஸ், நேட்டால், ரியூனியன், இலங்கை, மலாயா, பிஜி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய பயணம், வளைகுடாவும் சிங்கப்பூருமாக இன்றும் தொடர்கிறது. போன இடத்தில் கிடைத்த கூலி என்ன, அதில் வயிற்றுக்குப் போனது எவ்வளவு, மிச்சத்தில் அங்கே ஒரு துண்டு நிலம் வாங்க முடிந்ததா என்பவை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகத் தீர்ந்த கேள்விகள். முதல் இரண்டுக்கும் அரசாங்கங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டன. மூன்றாவது பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியிலேயே இருந்தது.

புறப்பட்ட இடத்தின் நிலைமையை முதலில் பார்க்க வேண்டும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் மழைக்காலத்து ஆறுகள். 1960களில் கோமுகி அணை வரும்வரை தாலுகாவின் பெரும்பகுதி மானாவாரிக் காடுதான்: கம்பு, சோளம், வரகு, பின்னர் மணிலாக்கொட்டை. ரயத்துவாரி முறையில் பட்டா வைத்திருந்தவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டினார். பட்டா இல்லாதவர் படியாளாக, முன்பணம் வாங்கிய வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தார்; கூலி பெரும்பாலும் தானியம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த ஏற்பாட்டின் அடியையே ஆட்டியது. தானியம் இல்லாத ஊரில் தானியக் கூலி ஏது? பஞ்சத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட கப்பல் பயணம் அதற்குப் பின் பெருகியதில் வியப்பில்லை.

மலைமேல் நிலைமை வேறு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. ஏற்கெனவே அங்கிருந்த வேடர்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்தார்கள் என்றும், அதன் நினைவாகவே கல்யாணத்தில் துப்பாக்கி வெடிக்கும் வழக்கம் வந்தது என்றும் ஆங்கிலேயர் காலத்து மாவட்ட நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. கதை எப்படியிருந்தாலும், மலை நிலம் அதை உழுதவர் பெயரில் இருக்கவில்லை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் மலை முழுவதும் இருந்தது. குடிகள் அவர்களுக்கு வரியும் கட்டினார்கள், கூலியில்லா வேலையும் செய்தார்கள். நாடு விடுதலை பெற்று, ஜமீன்களும் இனாம்களும் சட்டப்படி ஒழிந்த பிறகும் இந்த ஜாகீர்கள் வழக்கும் வாய்தாவுமாக நீடித்தன. மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976 ஜூனில்தான். பல தலைமுறை உழுத மண்ணில் உரிமைத்தாள் இல்லாமல் வாழ்வதற்குக் கப்பலேற வேண்டிய அவசியம் இல்லை என்பதற்குக் கல்வராயன் மலையே சாட்சி.

கீழ்நாட்டார் கப்பலேறிய முதல் வாசல் பக்கத்திலேயே இருந்தது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834இலும் பிரெஞ்சு நாடுகளில் 1848இலும் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தென்னார்க்காட்டின் நடுவில் புதுச்சேரி பிரெஞ்சுத் துறைமுகமாக இருந்ததால், எல்லை தாண்டினால் போதும், வேறு நாட்டு ஏஜெண்டு காத்திருந்தார். 1853இல் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து மார்த்தினிக்குக்கு முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் எடுக்க 1861 உடன்படிக்கை பிரெஞ்சுக்காரர்களுக்கு முறைப்படி அனுமதி தந்தது. அங்கே நடந்த கொடுமைகள் பற்றிய புகார்கள் குவிந்ததால் ரியூனியனுக்கு 1882இலும், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு 1888இலும் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் பக்கத்தில் சென்னைத் துறைமுகமே முதன்மை வாசல். 1860 அக்டோபரில் அங்கிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள்.

ஒப்பந்தக் கூலி முறையில் வாழ்க்கைச் செலவு என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. மொரீஷியஸில் ஆணுக்கு மாதம் 5 ரூபாய்; நேட்டாலில் முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டும் ஒன்றே. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் ஆகியவற்றை முதலாளியே படியளந்தார், தங்குமிடமும் அவருடையது. காகிதத்தில் பார்த்தால் கூலி முழுவதும் சேமிப்பு. வேலைக்கு வராத நாளுக்கு வெட்டு, தாமதத்துக்கு அபராதம், தோட்டத்துக் கடையில் கடன் என்று போனபின் கையில் நின்றது வேறு தொகை. ஐந்தாண்டு முடிந்து ஒப்பந்தத்திலிருந்து விடுபட்ட நாளில்தான் அந்த மனிதர் முதன்முறையாகக் கடைத்தெருவில் அரிசி விலை கேட்டார்.

அந்த நாளைக் குறிவைத்தே நேட்டால் அரசு ஒரு வரி போட்டது. 1895ஆம் ஆண்டின் சட்டம், ஒப்பந்தம் முடிந்தவர் மறு ஒப்பந்தம் எழுத வேண்டும், அல்லது இந்தியா திரும்ப வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 3 பவுன் செலுத்தி உரிமம் பெற வேண்டும் என்றது. பின்னர் இது 16 வயது கடந்த ஆண்பிள்ளைக்கும் 13 வயது கடந்த பெண்பிள்ளைக்கும் நீண்டது. தாய், தகப்பன், பதினாறு வயது மகன், பதின்மூன்று வயது மகள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டு வருமானமே 6 பவுன்தான். சுதந்திரமாக வாழ்வதற்கான செலவு, அடிமைப்பட்டுச் சம்பாதித்ததைப்போல இரண்டு மடங்காயிற்று. பலர் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்ததும் அதுவே. 1913இல் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தொழிலாளரும் வேலையை நிறுத்தி, காந்தியோடு நடந்ததற்கு உடனடிக் காரணங்களுள் இந்த வரி முக்கியமானது. 1914இல் அது நீக்கப்பட்டது.

நிலம் வாங்கும் கதை நேட்டாலில் நல்லவிதமாகவே தொடங்கியது. பத்தாண்டு தங்கியவர் இலவசக் கப்பல் பயணத்துக்குப் பதிலாக அதே மதிப்புள்ள அரசு நிலம் பெறலாம் என்று 1870இல் ஒரு சட்டம் வந்தது. பெற்றவர்கள் மிகச் சிலர். 1891இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. ஆனால் கைக்காசு கொடுத்து முழு உரிமையோடு நிலம் வாங்க நேட்டாலில் தடை இல்லை. டர்பன் நகரைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டவர்கள் குத்தகையில் தொடங்கிச் சொந்தக் காணிக்கு வந்தார்கள். அடுத்திருந்த டிரான்ஸ்வாலில் 1885இன் மூன்றாம் சட்டம் அரசு ஒதுக்கிய தெருக்களுக்கு வெளியே ஆசியர் எவரும் அசையாச் சொத்து வைத்திருக்கக் கூடாது என்றது. நேட்டாலும் பின்னாளில் அந்த வழிக்கே போயிற்று. 1943, 1946 ஆண்டுச் சட்டங்கள் வெள்ளையர் பகுதியில் இந்தியர் சொத்து வாங்குவதை முடக்கின. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து இந்தியா ஐக்கிய நாடுகள் சபைக்கே போனது. 1950இன் குழுப் பகுதிச் சட்டம் ஏற்கெனவே வாங்கியிருந்த வீடுகளிலிருந்தும் மக்களைப் பெயர்த்து எறிந்தது. மூன்று தலைமுறை சேர்த்த சொத்துக்கு ஒரு வர்த்தமானி அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

மொரீஷியஸில் நிலம் கிடைத்த விதம் நேர்மாறு. சர்க்கரை விலை சரிந்து பெரிய தோட்டக்காரர்கள் கடனில் சிக்கியபோது, 1870களிலிருந்து தோட்டத்தின் ஓரப் பகுதிகளைத் துண்டுபோட்டு ஒப்பந்தம் முடிந்த இந்தியர்களுக்குத் தவணையில் விற்றார்கள். கரும்புக்கு அவ்வளவாக ஆகாத மண்ணே முதலில் விற்கப்பட்டது. என்றாலும் அது கிரயம்; பிள்ளைக்குப் போகும் சொத்து. அந்தத் துண்டுகளிலிருந்துதான் சிறு கரும்பு விவசாயிகள் என்றொரு வகுப்பு அத்தீவில் எழுந்தது.

பிஜியில் காசு இருந்தும் பயனில்லை. 1874இல் தீவு பிரிட்டனுக்குக் கீழ் வந்ததும் தொடக்ககால ஆளுநர் ஆர்தர் கார்டன் பூர்வகுடி நிலத்தை விற்கத் தடை விதித்தார். தீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இன்றும் அந்தக் காப்பில்தான் இருக்கிறது. அந்த மக்களின் பக்கமிருந்து பார்த்தால் இது மிகச் சரியான முடிவு. ஆஸ்திரேலியாவில் நடந்த நிலப்பறிப்பு பிஜியில் நடக்காமல் போனதற்கு இதுவே காரணம். சென்னையிலிருந்து 1903க்குப் பின் பிஜி போன சுமார் 15,000 பேருக்கும் வடநாட்டிலிருந்து வந்த மற்றவர்களுக்கும் குத்தகை ஒன்றே வழி. 1920களில் ஆஸ்திரேலியச் சர்க்கரைக் கம்பெனி தன் நிலத்தைப் பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டது. 1976இன் சட்டம் குத்தகைக் காலத்தை 30 ஆண்டாக்கியது. 1997 முதல் அந்தக் குத்தகைகள் முடியத் தொடங்கியபோது, வீடு கட்டி, கிணறு வெட்டி, கோயிலும் எழுப்பியிருந்த குடும்பங்கள் வெறுங்கையோடு சுவா நகர ஓரத்துக்குக் குடிபெயர்ந்தன. கட்டிய வீடு கட்டியவருடையது, அடிமண் வேறொருவருடையது என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் தொகையில் மிகப் பெரிய கூட்டம். இங்கே ஒப்பந்தத்தின் இடத்தில் ஆள் சேர்க்கும் கங்காணி நின்றார். கங்காணி வெளியூர் ஏஜெண்டு அல்ல; பெரும்பாலும் உறவு, அல்லது பக்கத்து ஊர். தோட்டத்தில் வாங்கிய பணத்தோடு ஊருக்கு வந்து, குடும்பத்தின் பழைய கடனை அடைத்து, வழிச்செலவு செய்து கூட்டிப் போவார். அந்த முழுத் தொகையும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: இவருடைய கடன் இவ்வளவு, கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஆளை விலைபேசும் இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. வழியும் பழைய காலத்தில் கொடியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கி, மண்டபத்தில் முகாம் அமைந்த பிறகு பயணம் ஓரளவு எளிதாயிற்று. 1930களின் தொடக்கத்தில் விருத்தாசலம்–சேலம் ரயில் பாதை போடப்பட்டு, கள்ளக்குறிச்சி ஆட்களுக்குச் சின்னசேலத்திலேயே வண்டி கிடைத்தது.

இலங்கையில் கூலியைச் சட்டத்தால் கட்டிய முதல் முயற்சி 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. இடைநாட்டிலும் கீழ்நாட்டிலும் சற்றுக் குறைவு. இந்த எண்கள் அரிசி விலையோடு முடிச்சுப் போடப்பட்டவை. தோட்டம் ஒரு புசல் அரிசியை 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் விற்கக் கூடாது. புசல் என்பது ஏறக்குறைய 29 கிலோ; அதை வாங்க ஓர் ஆணின் பன்னிரண்டு நாள் உழைப்பு வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை இறங்கியதும், வாழ்க்கைச் செலவு குறைந்துவிட்டது என்று காரணம் காட்டிக் கூலியும் இறக்கப்பட்டது. கூலி என்பது அரிசிக்கு மறுபெயர் என்று கருதுகிறவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். ஊரில் கட்ட வேண்டிய கடனும், அக்காள் கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டிய மணியார்டரும் அரிசி விலையோடு சேர்ந்து இறங்கவில்லை.

தங்குமிடம் லயம். வரிசையாகக் கட்டிய அறைகள், முன்னால் ஒரு நீளத் திண்ணை. ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. வாடகை கிடையாது, ஆனால் வேலை போனால் கூரையும் போகும். வெளியே நிலம் வாங்கும் வழி 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தோடு அடைபட்டது. அரசுக் காணி இலங்கையருக்கே என்றது அச்சட்டம். இலங்கையர் யார் என்ற வரையறைக்குள் தோட்டத் தமிழர் வர முடியவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மலையகத்தில் தங்கியவர்களுக்கு வீட்டுமனை என்ற பேச்சு செயலுக்கு வந்தது மிக அண்மையில். குடும்பத்துக்கு 7 பேர்ச் என்பது கணக்காக இருந்தது. நம்மூர் அளவில் நாலரை சென்டுக்கும் குறைவு. தேயிலைக் காட்டை வெட்டித் திருத்திக் கொடுத்த உழைப்புக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது இவ்வளவு.

மலாயாவில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. கப்பல் கட்டணத்தை அந்த நிதி ஏற்றதால் இலங்கையைப்போல வழிச்செலவுக் கடன் தலையில் ஏறவில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. 1922இன் இந்தியக் குடியகல்வுச் சட்டத்துக்குப் பின் கோலாலம்பூரிலும் கண்டியிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் அமர்ந்தார்கள். ஒரு தொழிலாளி மாதம் வாழ என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து ‘நிலைக்கூலி’ வகுக்கப்பட்டது. அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய், எண்ணெய், வெற்றிலை பாக்கு, துணி, பண்டிகைச் செலவு என்று பட்டியல் நீண்டது. 1928இல் சிலாங்கூர் போன்ற முக்கியப் பகுதிகளுக்கு வந்த விடை: ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. மாதத்தில் 24 நாள் வேலை என்றால் ஆணுக்கு 12 வெள்ளி (மலாயா டாலர்). அன்றைய இந்தியப் பணத்தில் 50 காசு என்பது சுமார் 12 அணா. இலங்கையின் 54 சதமோ எட்டரை அணாதான். ஆனால் இரு நாட்டிலும் பெண்ணின் கூலி ஆணுடையதில் ஐந்தில் நான்கு பங்காகவே இருந்ததைக் கவனிக்க வேண்டும். ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கைக்கும் கொழுந்து கிள்ளும் கைக்கும் வேகத்தில் குறைவில்லை. குறைவு, பெண் குறைவாகச் சாப்பிடுவாள் என்ற பட்டியலில்தான் இருந்தது.

பட்டியலில் இல்லாத பொருள் நிலம். தோட்ட எல்லைக்குள் குடும்பஸ்தருக்குக் காய்கறி போட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஆறேகால் சென்ட், ஒதுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. அது உரிமை அல்ல, சலுகை, வேலை உள்ளவரைக்கும்தான். தோட்டத்துக்கு வெளியே 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் பெரும் பரப்பை மலாய்க்காரர் அல்லாதாருக்கு விற்க முடியாதபடி பூட்டி வைத்தது. நகர்ப்புறங்களில் நிலம் வாங்கியவர்கள் செட்டியார்களும் கடைக்காரர்களும். கித்தாக்காட்டு, அதாவது ரப்பர்த் தோட்டத்து, கூலிக்கு அந்தச் சந்தையில் வேலை இல்லை.

செட்டியார்கள் என்றதும் பர்மா நினைவுக்கு வரும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே நிலம் வாங்கப் போகவில்லை, கடன் கொடுக்கவே போனார்கள். மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது அடமான நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்களுடைய பங்கு 1938இல் 25 சதவீதமாயிற்று. பத்தே ஆண்டில், 1948இன் நில நாட்டுடைமைச் சட்டம் அதையெல்லாம் கேள்விக்குறி ஆக்கியது. வெளிநாட்டில் நிலம் இல்லாததால் நொந்தவர்களோடு, நிலம் இருந்ததால் நொந்தவர்களையும் சேர்த்தே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1937இல் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயா நிலைமையை ஆராய்ந்து எழுதிய அறிக்கை கங்காணி முறையில் ஆளெடுப்பதை நிறுத்தச் சொன்னது. மறு ஆண்டு முதலாளிகள் கூலியை மறுபடி குறைக்க முனைந்ததும், 1938 ஜூனில் இந்திய அரசு, நிதியுதவியோடு கூலிகள் மலாயா போகும் பயணத்தைத் தடை செய்தது. 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் தடை. போருக்குப் பின் மலாயாவில் புதிய ஆபத்து வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் நாட்டை விட்டுப் போகும் அவசரத்தில் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு மறுவிற்பனை செய்தார்கள். துண்டு நிலக்காரருக்கு லயமும் வேண்டாம், லயத்தில் இருந்தவர்களும் வேண்டாம். அப்போது அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும். தனியொருவர் கூலியில் ஒருபோதும் எட்டாத நிலத்தைப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கிய இந்த முயற்சிக்கு, அக்கரைத் தமிழர் வரலாற்றில் கிடைத்திருக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

சங்கத்தில் சேராதவர்களும் அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவர்களும் 1969இல் வேறு கணக்கைச் சந்தித்தார்கள். குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று மலேசியா விதித்ததும், சுமார் 60,000 இந்தியர் திரும்பினர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கியவர்களுள், முன்பே ஊரில் காணி வாங்கிப் போட்டிருந்தவர் தப்பினார். மற்றவர் உறவினர் வீட்டுத் திண்ணையில் தொடங்கினார். அக்கரைப் பணம் இக்கரையில் மண்ணாக மாறுவது அதற்கு முன்பே ஊறிய பழக்கம். மணியார்டர் வரும், தகப்பனோ மாமனோ கடனை அடைத்து, பிறகு நகை, பிறகு காடு என்ற வரிசையில் செலவு செய்வார்கள். தரகர் தேவையில்லை, எந்தக் காடு விற்பனைக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். கோமுகிப் பாசனமும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் வந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் அந்த மண்ணின் விலையை ஏற்றின. கரும்பு வெட்டக் கடல் கடந்து போனவர்களின் தாலுகாவிலேயே கரும்பு பணப்பயிர் ஆயிற்று.

1970களின் எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பின் திசை வளைகுடாவுக்குத் திரும்பியது. 1983இன் குடியகல்வுச் சட்டம் பழைய 1922 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கங்காணியின் இடத்தில் உரிமம் பெற்ற ஏஜெண்டும் உரிமமில்லாத உள்ளூர்த் தரகரும் வந்தார்கள். செலவுக் கணக்கின் அமைப்பு மட்டும் வியக்கத்தக்க அளவு மாறவில்லை. முகாம் கம்பெனியுடையது, சாப்பாட்டுப் படி சம்பளத்தில் ஒரு வரி, வேலை போனால் இருப்பிடமும் போகும். குடும்பத்தோடு வாழ்வதற்கு வருமான வரம்பு உண்டு: அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். கட்டட வேலைக்குப் போனவர் இந்தக் கோட்டை எட்டுவது அரிது. சவூதி அரேபியா 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தினர் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, 2020க்குள் 400 ஆக்கியது. மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியறைக்குத் திரும்பியவர்கள் பலர். நேட்டாலின் 3 பவுன் வரியைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வேலைக்கு ஆள் வேண்டும், குடியாக வேண்டாம் என்பதே இரண்டின் உட்கருத்தும்.

அங்கே சொத்து வாங்குவதைச் சட்டம் இப்போது முழுதாகத் தடுப்பதில்லை, விலை தடுக்கிறது. துபாய் 2002 முதல் குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவருக்கு முழு உரிமையோடு வீடு விற்கிறது. 2006இன் சட்டம் அதை உறுதி செய்தது. மலேசியாவில் பெரும்பாலான மாநிலங்களில் வெளிநாட்டவர் வாங்கும் வீடு பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. சிங்கப்பூரில் வீட்டு வாரிய அடுக்குமாடிகளைப் புதிதாக வாங்குவது குடிமக்களுக்கே. நிரந்தரவாசிகளுக்கு மறுவிற்பனை வீடுகள் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. தனியார் வீடு வாங்கும் வெளிநாட்டவர் 2023 ஏப்ரல் முதல் விலையில் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்தபடியே அங்கே வாங்க நினைப்பவருக்கு ரிசர்வ் வங்கி 2004இல் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுப்ப வழி திறந்தது. இன்று வரம்பு 2,50,000 டாலர். இந்த எண்கள் மென்பொருள் வல்லுநருக்கும் வணிகருக்கும் உரியவை. சின்னசேலத்திலிருந்து வெல்டிங் வேலைக்குப் போனவருக்கு இவற்றோடு சம்பந்தம் இல்லை.

அவருடைய சம்பந்தம் கள்ளக்குறிச்சிச் சார்பதிவாளர் அலுவலகத்தோடுதான். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகள்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் ஊரில் வீடும் மனையும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. பரம்பரையாக வருவதும், ஊரில் வசித்த காலத்தில் வாங்கியதும் அவருக்கே நிற்கும்; புதிதாகக் கிரயம் செய்ய முடியாது. ஆகவே காடு வாங்கும்போது பத்திரம் தகப்பன் பேரிலோ மனைவி பேரிலோ எழுதப்படுகிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பின்னால் எழும் வழக்குகளுக்கு இதில் பாதி வேர் இருக்கிறது. மனை வாங்குபவர் வரமுடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பொது அதிகார ஆவணம் அனுப்புவார்; அது இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். வில்லங்கச் சான்று எடுப்பதும், பட்டா பெயர் மாற்ற மனுக் கொடுப்பதும், வழிகாட்டி மதிப்புக்கும் கைமதிப்புக்கும் இடையிலான தொகையைப் பேசி முடிப்பதும் அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் மைத்துனரோ சித்தப்பாவோ செய்கிற வேலை. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையின் இருபுறமும் கல் நட்டுக் கிடக்கும் மனைப் பிரிவுகளில் பல, அக்கரைச் சம்பளத்தை எதிர்பார்த்தே பிரிக்கப்பட்டவை.